புது ரேம் போட்டபின் கம்ப்யூட்டர் கிராஷ் ஆனால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்

ரேமைக் கூட்டினால் மெஷின் பறக்கும் என்றுதான் எல்லோரும் வாங்கிப் போடுகிறார்கள். போட்ட பிறகு சிலருக்கு நடப்பது வேறு. பாதி வேலையில் ப்ளூ ஸ்கிரீன் வருகிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது ஃபேன் மட்டும் சுற்றி டிஸ்ப்ளேயே வருவதில்லை. வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து டிடிபி கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் உள்ள பழைய அசெம்பிள்ட் மெஷின்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அப்போது பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது: "ஃபார்மேட் போட்டுடலாம்." கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்யச் சொல்கிறார். ரேம் பழுதாக இருக்கும்போது விண்டோஸை மறுபடி ஏற்றினால், காப்பி ஆகும் ஒவ்வொரு ஃபைலும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். போகிற வழியில் சில ஃபைல்கள் கெட்டுவிடும். பிறகு ரேமையே மாற்றினாலும் கிராஷ் நிற்காது. கோளாறு ஒன்றாக இருந்தது இரண்டாகிவிடும்.

கீழே உள்ள வரிசை முழுக்க ஒரே விதியின்மேல் நிற்கிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். ரேமை இடம் மாற்றி, பயோஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை செட்டிங்கை) ரீசெட் செய்து, டிரைவரையும் அப்டேட் செய்து மூன்றையும் சேர்த்துச் செய்தால், கிராஷ் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1. கேபினட்டைத் திறக்கும் முன்

கிராஷ் ஆகும் மெஷினில் வேலையைத் தொடராதீர்கள். டேலி கணக்கு, கல்யாணப் பத்திரிகை டிசைன், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எதுவானாலும், சேவ் ஆகும் நொடியில் கிராஷ் ஆனால் அந்த ஃபைல் போனதுதான். பேக்கப்பையும் இப்போதே எடுக்க வேண்டாம். பழுதான ரேமோடு எடுத்த பேக்கப்பை நம்ப முடியாது. அடுத்த படியில் பழைய ரேமுக்குத் திரும்பியதும் எடுங்கள்.

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும். இயங்கினால், அதன் ரெக்கவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பயோஸில் கை வைத்தபின் மெஷின் 48 இலக்கக் கீயைக் கேட்டு நின்றால், அது இல்லாமல் உள்ளே போக முடியாது. ரேம் கோளாறு ஒரு பக்கம் இருக்க, டேட்டாவும் பூட்டிக்கொள்ளும்.

பிறகு சாமான்கள்: ஸ்க்ரூ டிரைவர், வெள்ளை ரப்பர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், மெல்லிய பிரஷ், சோதனை மென்பொருளுக்கு ஒரு காலி பென் டிரைவ். ரேம் வாங்கிய பில்லையும் டப்பாவையும் தேடி எடுத்து வையுங்கள். ரேம்மேல் உள்ள ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள், வாரண்டி அதில்தான் இருக்கிறது.

கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறதா? அந்த பாயிண்ட்டில் எர்த் சரியில்லை. பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். எப்படியும் திறக்கும் முன் பவர் கார்டை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். லேப்டாப்பில் சார்ஜரை எடுத்தால் மட்டும் போதாது, பேட்டரியின் இணைப்பையும் கழற்ற வேண்டும்.

2. பழைய ரேமை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிவிடுகிறார்கள். புது ரேமைக் கழற்றுங்கள். பழையதை முன்பு இருந்த அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஒரு நாள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள்.

பழைய ரேமோடும் கிராஷ் ஆகிறது என்றால் புது ரேமைத் திட்ட வேண்டாம். உள்ளே கை விட்டபோது வேறு ஏதோ அசைந்திருக்கிறது. டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள் ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கும். அது அரைகுறையாகக் கழன்றால் மெஷின் சில நொடி உறைந்து பிறகு விழும். மதர்போர்டின் ஓரத்தில் உள்ள 24 பின் பவர் கனெக்டரையும், பிராசசர் ஃபேனின் ஒயரையும் பாருங்கள். மூன்றையும் ஒருமுறை கழற்றி அழுத்திப் போட்டாலே சில மெஷின்கள் சரியாகிவிடும்.

பழைய ரேமோடு நன்றாக ஓடினால், இப்போது பேக்கப் எடுங்கள்.

ரேமைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சாதாரணமாக ஷட் டவுன் செய்தால் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்க்கில் உறைய வைத்து, அடுத்த முறை அங்கிருந்தே எழுப்பும். இடையில் ரேம் மாறினால் எழும்போது குழப்பம் வரலாம். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும்.

3. லேபிளைப் படியுங்கள்

ரேம் கெட்டுப்போகாமலேயே உங்கள் போர்டுக்குப் பொருந்தாததாக இருக்கலாம். அது லேபிளிலேயே எழுதியிருக்கும்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள். மூன்றிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் நுழையாது. சிக்கல் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் நடுவில்தான். இரண்டுக்கும் வெட்டு ஒன்றே, ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். இன்டெல் நாலாம் தலைமுறை லேப்டாப்கள் 1.35 வோல்ட்டைத்தான் கேட்கும். பழைய 1.5 வோல்ட் ரேம் ஸ்டிக்கைப் போட்டால் பெரும்பாலும் எழுந்திருக்காது. லேபிளில் பிசி3 என்பதற்குப் பின்னால் எல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, வேகத்தைக் குறிக்கும் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து (டிடிஆர்4-ல் அதற்கடுத்த கோட்டுக்குப் பின்னால் இருக்கும்). யூ என்றால் டெஸ்க்டாப், எஸ் என்றால் லேப்டாப், ஆர் என்றால் சர்வர். சர்வரிலிருந்து கழற்றிய ஆர் வகை ரேம் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். டெஸ்க்டாப் ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் சாதாரண போர்டில் ஓடாது. எவ்வளவு தேய்த்தாலும் டிஸ்ப்ளே வராது.

பழைய மெஷின்காரர்கள் அதிகம் ஏமாறுவது வேறொரு இடத்தில். எச்61 போன்ற பழைய இன்டெல் போர்டுகளில் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் போடுகிறீர்கள் என்றால் அதன்மேல் உள்ள சிப்புகளை எண்ணுங்கள். இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம், நாலாம் தலைமுறை பிராசசர்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ள 8 ஜிபி ஸ்டிக்தான் ஒத்துவரும். எட்டே சிப்பில் 8 ஜிபி என்றால் ஒவ்வொரு சிப்பும் அந்தத் தலைமுறைக்குத் தெரியாத அளவில் பெரியது. பதினாறு சிப் இருந்தும் ஓடாத இன்னொரு வகையும் உண்டு: ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் டிடிஆர்3. இன்டெல் போர்டில் அது எழாது. ஆன்லைனில் விலை பாதியாக இருந்தால் அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

போர்டு மொத்தம் எவ்வளவு தாங்கும் என்பதையும் பாருங்கள். எச்61-க்கு உச்சம் 16 ஜிபி. விண்டோஸ் 32 பிட் பதிப்பு என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனே இல்லை.

4. சுத்தம் செய்து, சரியாக உட்கார வையுங்கள்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்கள் இந்தப் படியைக் குறைத்து மதிக்க வேண்டாம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ஸ்லாட்டுக்குள் உள்ள தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிய வைக்கும். பல வருடம் காலியாகக் கிடந்த இரண்டாவது ஸ்லாட்டில் அதோடு லாரித் தூசியும் அடைந்திருக்கும். புது ரேமை நாம் போடுவது பெரும்பாலும் அந்தக் காலி ஸ்லாட்டில்தான். ரேம் பளபளவென்று இருக்கும், கோளாறு ஸ்லாட்டில் இருக்கும்.

ஸ்டிக்கின் தங்கநிற முனைகளை வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் அடியில் உள்ள உலோகம் கறுத்துவிடும். ஸ்லாட்டுக்குள் பிரஷால் தூசியை எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

மாட்டும்போது வெட்டை ஒத்துப் பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் சமமாக அழுத்துங்கள். கிளிப் தானாக மூடிக் 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். கிளிப்பை நாமே கையால் மூடினால் ஸ்டிக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியாமல் போகும். புதியவர்கள் போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் அழுத்தம் வேண்டும்தான்.

நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போட்டால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் அவற்றின் இடம். அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட்டில் போட்டால் வேகம் குறையும், சில போர்டுகளில் நிலையாகவும் ஓடாது. போர்டின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

டிடிஆர்5 மெஷின் என்றால் பொறுமை வேண்டும். புது ரேம் போட்டபின் முதல் முறை ஆன் செய்யும்போது, போர்டு அதைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் பவரை அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

5. பயோஸில் வேகத்தைக் குறையுங்கள்

டப்பாவில் 3200, 3600 என்று போட்டிருக்கும் வேகம் பல ரேம்களில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால் மட்டும் கிடைப்பது. அது ஓவர்கிளாக்கிங்தான். டிடிஆர்4-க்கு இயல்பான வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பியில் பல ஸ்டிக்குகள் 1.35-க்குப் போகும். பழைய பிராசசரோ மலிவான போர்டோ அந்த வேகத்தைத் தாங்காமல் விழலாம்.

பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை அணையுங்கள். ஏஎம்டி போர்டில் டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்ற பெயரில் இருக்கலாம். அணைத்தபின் கிராஷ் நின்றால் ரேம் பிழைத்தது, வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். 3200-க்கும் 2933-க்கும் டிடிபி வேலையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

நாலு ஸ்டிக்கும் நிரப்பியவர்களுக்குத் தனியாக ஒன்று. ஸ்டிக் கூடக் கூட பிராசசரின் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். ரைசன் 7000 வரிசை பிராசசர்களுக்கு இரண்டு ஸ்டிக்கோடு டிடிஆர்5 5200 வரை என்று சொல்லும் ஏஎம்டி, நாலு ஸ்டிக் போட்டால் 3600 என்றுதான் சொல்கிறது. டப்பாவில் 6000 என்று இருப்பதால் நாலும் 6000-ல் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண்.

டிஸ்ப்ளேயே வராமல் பயோஸுக்குள் போக முடியவில்லை என்றால் சீமாஸை, அதாவது பயோஸ் செட்டிங்குகள் சேமித்திருக்கும் இடத்தை, ரீசெட் செய்யுங்கள். பவர் கார்டைப் பிடுங்கி, போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தால் போதும். ஐந்தாறு வருடப் பழைய மெஷின் என்றால் திரும்பப் போடும்போது புது சிஆர்2032 போட்டுவிடுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு தேதியும் நேரமும் மாறியிருக்கும், சரி செய்யாவிட்டால் வெப்சைட்கள் சர்ட்டிஃபிகேட் எரர் காட்டும்.

பயோஸ் அப்டேட்டும் சில நேரம் ரேம் பொருத்தத்தைச் சரி செய்யும். அதை யூபிஎஸ் உள்ள மெஷினில் மட்டும், பழைய ரேமைப் போட்ட நிலையில் செய்யுங்கள். மே மாத மதியம் கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் தொடங்கி, நடுவில் அணைந்தால் போர்டே எழாமல் போகலாம்.

6. ஒவ்வொரு ஸ்டிக்காகச் சோதியுங்கள்

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒரு சோதனை இருக்கிறது. அதில் எரர் வந்தால் நம்பலாம். எரர் வரவில்லை என்றால் நம்பாதீர்கள், பல பழுதுகள் அதற்குத் தப்பிவிடும். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நிற்கும், அது போதும். 16 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

முதலில் புது ஸ்டிக்கை மட்டும், பழைய ரேம் நன்றாக ஓடிய ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். அந்த ஸ்லாட் நல்லது என்று இரண்டாம் படியிலேயே தெரிந்துவிட்டது. அதனால் இங்கே எரர் வந்தால் ஸ்டிக்கின்மேல்தான் சந்தேகம். எரர் வராவிட்டால் பழைய ஸ்டிக்கை எடுத்து, சந்தேகமான ஸ்லாட்டில் தனியாகப் போட்டு ஓட்டுங்கள். இதில் எரர் வந்தால் ஸ்லாட்தான் குற்றவாளி.

இரண்டும் தனித்தனியே பாஸ், சேர்த்துப் போட்டால் ஃபெயில் என்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கலந்து போட்ட ரேம் இரண்டில் மெதுவானதன் வேகத்தில் ஓட வேண்டும், ஆனால் உள் நேரக் கணக்குகள் வேறாக இருந்தால் சில போர்டுகள் தடுமாறும். பயோஸில் வேகத்தை இன்னும் ஒரு படி இறக்கிப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் ஒரே டப்பாவில் ஜோடியாக வரும் கிட் வாங்குவதுதான் வழி.

ஒரே ஒரு எரர்தானே வந்தது, விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. ரேமில் அனுமதிக்கப்பட்ட எரர் எண்ணிக்கை பூஜ்யம். அந்த ஒரு இடத்தில் நாளைக்கு உங்கள் இன்வாய்ஸின் தொகை உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொன்று. மெஷினின் விவரங்களைக் காட்டும் சிபியூ-இசட் மென்பொருளில் 1600 என்று காட்டுகிறது, 3200 என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போவதுதான் டிடிஆர். சிபியூ-இசட் காட்டுவது துடிப்பின் எண்ணிக்கை, டப்பாவில் இருப்பது அதன் இரட்டிப்பு.

7. ரேம் பாஸ் ஆனபின்னும் கிராஷ் தொடர்ந்தால்

ப்ளூ ஸ்கிரீனில் கடைசியாக வரும் ஸ்டாப் கோடை (எரரின் பெயரை) ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால், பாஸ் ஆன ரேமையும் எக்ஸ்எம்பி இல்லாமல் இன்னொரு இரவு சோதியுங்கள். எப்போதும் ஒரே கோடும் ஒரே டிரைவர் பெயரும் வந்தால் அந்த டிரைவரைப் பாருங்கள்.

ப்ளூ ஸ்கிரீனே இல்லாமல் பொட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆனால் அது பெரும்பாலும் பவர். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கும். அது காரணத்தைச் சொல்லாது, ஒழுங்காக அணையவில்லை என்று மட்டும் சொல்லும். கோடைக்கால லோ வோல்டேஜில் பழைய எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் உள்ள பவர் சப்ளை) தடுமாறும். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் அது மாறும் நேரம் கம்ப்யூட்டருக்கு அதிகம், கரண்ட் போகும்போதெல்லாம் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ரேம் போட்ட வாரத்திலேயே இது நடந்தால் பழி ரேமின்மேல் விழும்.

பவரும் சரி என்றால், கிராஷ் ஆன நாட்களில் விண்டோஸ் ஃபைல்கள் கெட்டிருக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் டிஸ்ம் ரீஸ்டோர் ஹெல்த் கட்டளை, அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். முதலாவது பழுது பார்க்கத் தேவையான நல்ல பிரதியைச் சரி செய்யும், இரண்டாவது அதை வைத்துக் கெட்ட ஃபைல்களை மாற்றும். அதனால்தான் இந்த வரிசை. இவ்வளவுக்குப் பிறகும் நிற்காவிட்டால், சோதனையில் பாஸ் ஆன ரேமை வைத்துக்கொண்டு ஃபார்மேட் போடலாம்.

8. கடைக்குத் திருப்பும்போது

ஸ்டிக் ஃபெயில் என்று முடிவானால், மெம்டெஸ்ட்டின் சிவப்பு எரர் வரிகளைப் படம் எடுங்கள். எந்த ஸ்லாட், எக்ஸ்எம்பி இல்லாமல் சோதித்தது, பழைய ஸ்டிக் அதே ஸ்லாட்டில் பாஸ் ஆனது என்று தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். "எங்க மெஷின்ல நல்லாதான் ஓடுதே" என்று கடைக்காரர் ஐந்து நிமிடம் ஆன் செய்து காட்டினால், அந்தப் படத்தைக் காட்டி முழுச் சோதனை ஓட்டச் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கியிருந்தால் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய பிராண்டுகள் பலவற்றின் ரேமுக்கு வாழ்நாள் வாரண்டி உண்டு. கடை தட்டிக்கழித்தால், ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணோடு நேரடியாகக் கம்பெனியின் சர்வீஸில் பதிவு செய்யுங்கள். கிட்டாக வாங்கியிருந்தால் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் கொடுக்கச் சொல்வார்கள், மெஷின் ஓட பழைய ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.